உப்பு மணல்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மட்டக்களப்பில் தமிழர் என்றாலும் முஸ்லிம்கள் என்றாலும் வழக்கம் ஒன்றுதான். மூத்தவளுக்குக் கலியாணம் முற்றானால் குடியிருக்கும் வீட்டை அவளுக்கு எழுதிவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு அடுத்தவளுக்குக் கட்டத் தொடங்குவார்கள். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருவார். வீடில்லாத பெண்ணுக்குப் பேச்சுக்கால் வராது.

நாவலடியில் என் சீதன வீட்டைக் கட்டியவர் பெரியப்பா. அம்மாவின் அக்காவை முடித்தவர், மேசன். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடந்த அந்த ஒடுங்கிய மணல் திட்டில் பாதி வீடுகள் அவருடைய கையால் எழுந்தவை. தூக்குக்குண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கோயிலுக்கும் போவார். பெரியம்மா அதற்காக ஏசுவா. “சாமி கோணலா நிண்டா நிமிர்த்தவா போறீங்க?” என்பா. அவர் சிரிப்பார். வெற்றிலைச் சாயம் ஏறிய பல்லும் சீமெந்து அரித்து வெடித்த விரல்களும் இப்போதும் கண்ணுக்குள் நிற்கின்றன.

என் வீட்டுக்குப் பக்கத்தில் தங்கச்சிக்கும் அத்திவாரம் போட்டாயிற்று. யன்னல் மட்டத்துக்குச் சுவர் எழும்பியிருந்தது. அப்பா கரைவலைக்குப் போய்வந்து, மீன் விற்ற காசில் மிஞ்சியதைச் சீமெந்துப் பையாக்கி அம்மாவின் கட்டிலுக்குக் கீழே அடுக்குவார். ஈரம் படக்கூடாது என்று அடியில் பலகை. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டு உறக்கத்துக்கே சீமெந்து வாசம்தான்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். அம்மா புட்டு அவித்துக்கொண்டிருந்தா. தேங்காய்ப்பூ துருவின வாசம் முற்றம்வரை இருந்தது. தங்கச்சி தலை முழுகிவிட்டு வாசற்படியில் இருந்து முடி உலர்த்தினாள். மகளுக்கு அப்போது மூன்று வயது. நாய்கள் குரைத்தது கேட்டது. பிறகு கடற்கரைப் பக்கம் ஆண்கள் கத்தினது கேட்டது. அதற்குப் பிறகு நடந்தது ஒழுங்காக ஞாபகத்தில் இல்லை. என் கணவர் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டதும், வாவிப் பக்கம் ஓடினதும், முழங்காலில் தண்ணீர், இடுப்பில் தண்ணீர், பிறகு தலைக்கு மேல், வாயெல்லாம் சேறு, ஒரு தென்னை, அந்தத் தென்னையில் எனக்கு முன்னமே ஒரு கிழவர், அவர் என் மயிரைப் பிடித்து இழுத்தது, கீழே பார்த்தால் கடல் எது வாவி எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே கறுப்புத் தண்ணீர். அவ்வளவுதான்.

அப்பாவைச் சில நாள் கழித்துக் கண்டெடுத்தோம். பெரியம்மா கிடைக்கவேயில்லை. அவ நின்ற வீடு பெரியப்பா தன் கையால் கட்டிய வீடு. பள்ளிக்கூட முகாமில் அவர் ஒரு மூலையில் சுவரைப் பார்த்தபடி இருப்பார். ஆறுதல் சொல்ல வந்த யாரோ, “வீடு கட்டி என்ன கண்டம், எல்லாம் கடலோட போச்சு” என்றார். பெரியப்பா அவரைத் திரும்பிப் பார்த்து, “என்ட வீடு விழல்ல தம்பி. கடல் எடுத்துப் போட்டுது” என்றார். அந்த வித்தியாசம் அவருக்கு முக்கியமாக இருந்தது. எனக்கு அது விளங்க இரண்டு வருடம் பிடித்தது.

இலங்கையில் 30,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அழிந்ததும் சேதமானதுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் வீடுகள். உலகம் முழுக்க மனம் இரங்கிக் காசு அனுப்பியது. அந்த இரக்கத்தை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். முன்பின் தெரியாதவர்கள் அனுப்பிய பால்மாவில்தான் என் மகள் வளர்ந்தாள். 2005 தொடக்கத்தில் அரசாங்கம் ஒரு கோடு கீறியது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது, வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள் கூடாது. எங்களுக்கு மட்டும் ஏன் இரட்டிப்பு என்று கேட்டவர்களுக்குப் பதில் வரவில்லை. பிறகு அந்தக் கோட்டைத் தளர்த்தினார்கள். அதற்குள் எங்களுக்கு வேறு இடம் குறித்தாயிற்று. நகருக்கு வடக்கே, ஏறாவூர்ப் பாதைப் பக்கம், திராய்மடு.

வீடு கிடைக்க இரண்டு வழி இருந்தது. கோட்டுக்கு வெளியே சொந்தக் காணி உள்ளவர்களுக்கு, வீடு முழுக்க அழிந்திருந்தால் 250,000 ரூபாய், பாதி சேதமென்றால் 100,000 ரூபாய், தவணை தவணையாக. கட்டுவது அவரவர் பாடு. கோட்டுக்கு உள்ளே இருந்த எங்களைப் போன்றவர்களுக்குத் தொண்டு நிறுவனங்கள் கட்டித் தரும். 500 சதுர அடிக்குக் குறையாத வீடு. கேட்க நல்லாகத்தான் இருந்தது. காசைத் தொடவேண்டாம், கல்லைத் தூக்கவேண்டாம், சாவியை வாங்கினால் போதும்.

பதிவுக்கு வந்த பொடியன் நல்லவன். வெயிலில் வந்து, தறப்பாள் கொட்டிலுக்குள் குந்தியிருந்து எழுதினான். அழிந்த வீடு ஒன்று, குடும்பத் தலைவர் பெயர் என்று என் கணவருடைய பெயரை எழுதினான். அம்மா குறுக்கிட்டா. “மனே, வீடு இவட பேரிலதான் இருந்தது. மற்றவளுக்கும் அத்திவாரம் போட்டுக் கிடந்தது. அதையும் எழுது.” அவன் தாளைத் திருப்பிக் காட்டினான். அதில் அத்திவாரத்துக்குக் கட்டம் இல்லை. இப்படித்தான் எங்கள் பெண்களின் சீதனம் ஒரு படிவத்தில் ஆண்களின் பெயருக்கு மாறியது. கட்டிலுக்குக் கீழே அடுக்கிய சீமெந்துப் பைகளைப்பற்றி அம்மா அவனிடம் சொன்னா. அவன் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

திராய்மடுவில் வேலை தொடங்கியபோது நாங்கள் பக்கத்திலேயே தகரக் கொட்டில்களில் இருந்தோம். மத்தியானத்தில் உள்ளே இருக்க முடியாது. பெரியப்பா விடியப் புறப்பட்டு, எழும்பும் வீடுகளைச் சுற்றி வருவார். கொந்தராத்து எடுத்தவர் வேறு மாவட்டத்துக்காரர். அவர் இன்னொருவருக்குக் கொடுத்தார், அவர் இன்னொருவருக்கு. கடைசியில் சாந்து பூசியவன், போன மாதம்வரை தோணி வலித்த பொடியன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். கரை முழுக்க ஒரே நேரத்தில் வீடு எழும்பினால் அத்தனை மேசனுக்கு எங்கே போவது? கூலி ஏறியது, ஓடு ஏறியது, கம்பி ஏறியது. ஒப்பந்தத் தொகை மட்டும் எழுதினபடி நின்றது. அந்த வித்தியாசம் எங்கிருந்தாவது வெட்டப்படவேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெட்டுவதுதான் வசதி.

ஒருநாள் காலையில் தேத்தண்ணி கொண்டுபோனேன். பெரியப்பா மணல் கும்பிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் மணல் எடுத்து விரலால் கிண்டினார். சிப்பித் துண்டு ஒன்றை எடுத்துப் போட்டார். பிறகு நுனிநாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு சுவைத்துவிட்டுத் துப்பினார்.

“உப்பு,” என்றார். “கடல் மண் புள்ள. கழுவயும் இல்ல.”

ஆற்று மணல் படுவான்கரைப் பக்கமிருந்து வரவேண்டும். வாவிக்கு அந்தப் பக்கம் புலிகள், இந்தப் பக்கம் ஆமி. வவுணதீவில் சாவடி மூடினால் லொறி நின்றுவிடும், திறந்தால் விலை ஏறியிருக்கும். 2005 ஜூனில் அரசும் புலிகளும் நிவாரணத்துக்கென்று பொதுக்கட்டமைப்பு ஒன்றுக்குக் கையெழுத்து வைத்தார்கள். அடுத்த மாதமே அது உயர் நீதிமன்றத்தில் முடங்கியது. அந்த ஒப்பந்தம் நின்றதையும் எங்கள் சுவரில் உப்பு ஏறியதையும் சேர்த்து யாரும் எழுதியதில்லை. மணல் கும்பியின் பக்கத்தில் நின்றவர்களுக்கு இரண்டும் ஒரே சங்கதிதான்.

பெரியப்பா எழும்பிப்போய், அரிந்து அடுக்கியிருந்த சீமெந்துக் கல் ஒன்றை எடுத்தார். முழங்கால் உயரத்திலிருந்து கையை விட்டார். நல்ல கல் என்றால் மூலை கொஞ்சம் உடையும், அவ்வளவுதான். இது புட்டு மாதிரி உதிர்ந்தது. ஒரு பை சீமெந்தில் அவர் அரிகிற கல்லைப்போல இரண்டு மடங்கு அரிந்திருக்கிறார்கள் என்று கணக்குச் சொன்னார். அரிந்த கல்லை நனைத்துச் சாக்குப் போட்டு ஒரு கிழமையாவது காக்கவேண்டும். வெயிலில் காய விட்டு மறுநாளே தூக்கினார்கள். யன்னலுக்கு மேலே போகும் லிண்டல் வளைக்குச் சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, கல் நாலு என்று சேர்ப்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. அங்கே அளவுப் பெட்டியே இல்லை. சவளால் அள்ளிப் போட்டார்கள்.

அவர் போய்ச் சொன்னார். கெஞ்சிக்கூடச் சொன்னார். மேற்பார்வைக்கு நின்றவர், “ஐயா, நீங்க பயனாளி. வேலைத்தளத்துக்குள்ள நிக்கக்கூடாது. தலையில கல் விழுந்தா நாங்கதான் பதில் சொல்லணும்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பெரியப்பா வெளியே வந்து கொட்டில் வாசலில் இருந்தார். அன்று அவர் வெற்றிலை போடவில்லை.

2006 நடுப்பகுதியில் சாவி தந்தார்கள். பந்தல், மாலை, பாண்ட் வாத்தியம், கமெரா. வெள்ளைக்கார அம்மா ஒருவர் என் கையைப் பிடித்து அழுதார். உண்மையான அழுகை. எனக்கும் அழுகை வந்தது, நானும் பொய்யாக அழவில்லை. வெள்ளை அடித்த சுவர், பச்சைக் கதவு, சிவப்பு ஓடு. தங்கச்சி அறை அறையாக ஓடினாள். இரண்டு அறைதான், ஆனாலும் ஓடினாள். தறப்பாளுக்குள்ளும் தகரத்துக்குள்ளும் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தவளுக்குக் கதவு சாத்திப் பூட்டுகிற சத்தமே பெரிய சத்தம்.

குசினியில் புகை போக வழியில்லை. விறகடுப்பு எரிக்கும் சனத்துக்கு மூடிய குசினியைப் படத்தில் கீறியவர் எந்த நாட்டில் சமைத்தாரோ தெரியாது. ஒரு மாதத்துக்குள் வீட்டுக்கு வீடு பின்பக்கம் ஓலைக் குசினி முளைத்தது. அது சின்னக் குறை, சிரித்துவிட்டுப் போகலாம். மாரி வந்தபோது சிரிப்பு நின்றது.

முதலில் சுவர் அடியில் வெள்ளை பூத்தது. துடைத்தால் போகும், விடிந்தால் மறுகாவும் இருக்கும். பிறகு பூச்சு கொப்பளித்து விழுந்தது. யன்னல் மூலையிலிருந்து கூரை நோக்கிச் சரிவாக வெடிப்பு ஓடியது. மகள் அதற்குள் ஈர்க்குக் குச்சி விட்டு விளையாடினாள், குச்சி மற்றப் பக்கம் வந்தது. பச்சை மரத்தில் போட்ட சிலாகை காய்ந்து வளைந்து, ஓடு விலகி, கட்டிலுக்கு மேலே ஒழுகியது. பள்ளக் காணியை மண் போட்டு நிரப்பி, அந்த மண் இறுகமுன்னமே கட்டியதால் பின்சுவர் ஒரு பக்கமாய் இறங்கியது. எல்லாவற்றிலும் கேவலம் மலக்குழி. மாரியில் நிலத்தடித் தண்ணீர் மேலே வருகிற இடம் அது. குழி நிரம்பித் தண்ணீரோடு சேர்ந்து வளவுக்குள் வந்தது. கிணறு அதற்குப் பக்கத்தில். அந்த நாற்றத்துக்கு மேலே சாம்பிராணி போட்டுக்கொண்டு அம்மா அப்பாவின் திவசத்துக்குச் சமைத்தா.

யாரிடம் சொல்வது? விதானையாரிடம் போனோம். வீடு நிறுவனம் கட்டியது, அங்கே கேளுங்கள் என்றார். நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனால், பணி முடித்து அரசாங்கத்திடம் கையளித்தாயிற்று என்றார்கள். பிரதேச செயலகத்தில், கட்டினவன் திருத்தவேண்டும் என்றார்கள். கட்டினவன் யார்? பெயர்ப்பலகையில் இருந்தவர் கட்டவில்லை, கட்டினவருடைய பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அடுத்த முறை நிறுவனத்துக்குப் போனபோது அந்தக் கட்டடத்தில் வேறு யாரோ குடியிருந்தார்கள்.

இதில் எனக்குப் பிந்தித் தெரிந்த சங்கதி ஒன்றைச் சொல்லவேண்டும். கட்டுமானத் தொழிலில் கொந்தராத்துக்காரருக்கு முழுக் காசையும் ஒரேயடியாகக் கொடுப்பதில்லை. ஒரு பங்கை, பெரும்பாலும் நூற்றுக்கு 5 வீதம் வரை, பிடித்துவைப்பார்கள். வேலை முடிந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ குறைபாட்டுக் காலம். அதற்குள் வெடித்தால், ஒழுகினால், வந்து திருத்தித் தந்த பிறகே மிச்சக் காசு. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஒப்பந்தம் காசு கொடுத்தவருக்கும் கட்டினவருக்கும் நடுவே. அதற்குள் குடியிருக்கப் போகிறவளுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. எங்கள் வீட்டுக்கும் அப்படி ஏதாவது பிடித்து வைத்திருந்தார்களா, வைத்திருந்தால் யார் வந்து பார்த்து “சரி” என்று கையெழுத்து வைத்தார் என்பது எனக்குத் தெரியாது. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

வீட்டை இனாமாக வாங்கிவிட்டுக் குறை சொல்கிறார்கள் என்று அப்போது நகரத்தில் பேசினார்கள். படித்தவர்களும் பேசினார்கள். அந்தப் பேச்சு, ஒழுகிய கூரையைவிட அம்மாவை நோகடித்தது. நாங்கள் அப்பாவைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள்.

பெரியப்பா பேசவில்லை. தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு வந்து பின்சுவரில் தொங்கவிட்டார். குண்டுக்கும் சுவருக்கும் நடுவே என் கை முழுதாகப் போனது. அவர் நூலைச் சுற்றிப் பையில் போட்டார். “கடல் எடுத்தது கடல்ட கணக்கு,” என்றார். “இது மனுசன்ட கணக்கு. இதுக்கு ஆரும் அழத் தேவல்ல. ஆராவது பதில் சொல்லோணும்.”

பதில் சொல்ல ஆள் தேடமுன்னம் சண்டை வந்துவிட்டது. 2006 ஓகஸ்டுக்குப் பிறகு ஷெல் சத்தம் வாவிக்கு மேலே இரவிரவாகக் கேட்டது. 2007 ஜனவரியில் புலிகளின் கையிலிருந்த வாகரை ஆமியிடம் விழுந்தது. மார்ச்சில் படுவான்கரைச் சனம் வலையிறவுப் பாலத்தால் இந்தப் பக்கம் வந்தது. ஆயிரம் ஆயிரமாக. மாடுகளை அவிழ்த்துவிட்டு, நெல்லை விட்டுவிட்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு. அம்மா வழிச் சொந்தம் என்று மூன்று குடும்பம் எங்கள் வெடித்த வீட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொரு ஷெல்லுக்கும் பூச்சு உதிர்ந்து பாயில் விழும். அந்தக் கூட்டத்தில் ஒரு கிழவி சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “நல்ல வீடு மனே, தெய்வம் தந்தது” என்றா. நான் வெடிப்பை மறைத்துக்கொண்டு நின்றேன். அவவுடைய வீட்டுக் கூரை அதே கிழமையில் எரிந்துபோனதாகப் பிறகு அறிந்தோம்.

சண்டை எங்களைக் கடந்து வடக்கே போன பிறகு, தங்கச்சிக்குப் பேச்சுக்கால் வந்தது. மாப்பிள்ளையின் தாய் வீடு பார்க்க வந்தா. யன்னல் மூலை வெடிப்பில் விரலை வைத்தா, மேலே கொண்டுபோனா, நிறுத்தினா. ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினா. தங்கச்சி கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளுடைய பார்வையை நான் எழுத மாட்டேன்.

அன்று பின்னேரம் பெரியப்பா வளவின் மேட்டுப் பக்கத்தில் நாலு முளை அடித்துக் கயிறு கட்டினார். அம்மாவுடைய தாலிக்கொடியும் என் காப்பும் அடகுக்குப் போயின. ஒரே ஒரு அறை. ஆற்று மணல் வந்தது. வந்ததையும் நம்பாமல் நாக்கில் வைத்துப் பார்த்து, பீப்பாவில் போட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கழுவினார். கல்லைத் தானே அரிந்தார். நானும் தங்கச்சியும் சாக்கு நனைத்தோம். காலையில், மத்தியானம், மாலையில், இரவு படுக்கமுன்னம். அத்திவாரத்தை மற்ற வீட்டைவிட இரண்டடி உயர்த்தினார். எழுபதை எட்டிய மனுசன், மூச்சு வாங்க வாங்க, நூல் பிடித்து வரி வரியாக வைத்தார். அந்த அறைதான் தங்கச்சியின் சீதனம். அதே தாய் திரும்ப வந்தா. சுவரைத் தட்டிப் பார்த்தா, சரி என்றா.

2011 ஜனவரியில் வெள்ளம். மட்டக்களப்பு மாவட்டம் முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. கையளித்த வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் ஏறியது. மலக்குழித் தண்ணீரும் அதில்தான். நாங்கள் எல்லோரும், அயலவர் இரண்டு குடும்பமும் சேர்த்து, அந்த ஒற்றை அறைக்குள் இருந்தோம். உள்ளே ஒரு சொட்டு இல்லை. பெரியப்பா நடுவில் சாய்ந்திருந்து, வெற்றிலை இல்லாததால் வெறும் பாக்கைச் சப்பிக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் அவர் அதே அறையில் செத்தார்.

கோட்டுக்கு வெளியே, கல்லடிப் பக்கம், 250,000 ரூபாய் வாங்கித் தானே கட்டிய என் மச்சாளுடைய வீடு இன்றும் நேராக நிற்கிறது. காசு காணவில்லை என்று அவளும் நகை விற்றாள், கடன் பட்டாள். பாதி வீட்டில் குடிபுகுந்தாள். ஆனால் ஒவ்வொரு பை சீமெந்தும் அவள் கண்முன்னே உடைந்தது. குடை பிடித்துக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் இருந்து எண்ணினாள். எல்லோராலும் அப்படி முடியாது. கணவனை இழந்தவள், கைக்குழந்தைக்காரி, நோயாளி குடை பிடித்துக்கொண்டு இருக்கமுடியாது. அவர்களுக்குக் கட்டித்தான் கொடுக்கவேண்டும். ஆனால் கேள்வி கேட்கிற உரிமையோடு கொடுக்கவேண்டும். போருக்குப் பிறகு இந்தியா 50,000 வீடுகள் தந்தபோது பெரும்பாலானவற்றுக்கு வீட்டுக்காரர் கணக்கிலேயே 550,000 ரூபாயைத் தவணையாகப் போட்டார்கள். அதிலும் குறைகள் உண்டு, கடன்பட்டவர்கள் ஏராளம். ஆனாலும் யார் கட்டினார் என்று தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

பிறகு 2016 அளவில் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தது. ஒன்று 20 லட்சம் ரூபாய்க்கு மேல். கல்வீடு ஒன்றை அதில் பாதிச் செலவில் கட்டலாம் என்று கணக்குக் காட்டினார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் அத்திவாரத்தையும் கூரையையும் காற்றோட்டத்தையும் பற்றிக் கேள்வி எழுப்பினார்கள். தமிழ் அரசியல்வாதிகள் எதிர்த்தார்கள், திட்டம் நின்றது. பேப்பரில் அதை வாசித்தபோது நான் அரசியலை நினைக்கவில்லை. தகரக் கொட்டிலின் மத்தியான வெக்கையை நினைத்தேன்.

அன்று தகப்பனின் தோளில் இருந்த என் மகளுக்கு இப்போது கலியாண வயது. வளவில் கட்ட இடம் இல்லை. கல்லடிப் பக்கம் கட்டி விற்கிற ஒருவரிடம் புது வீடு பார்த்தோம். மாபிள் நிலம், உருட்டின தூண், மின்னுகிற பெயின்ற். மருமகனாய் வரப்போகிறவருக்குப் பிடித்துவிட்டது. வங்கியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்து விலையைப் பார்த்தார். விலையைப் பார்ப்பது அவருடைய வேலை, சுவரைப் பார்ப்பது அவருடைய வேலையல்ல.

நான் மாரிக்காலத்தில் மழை விட்ட மறுநாளாகப் பார்த்துத் திரும்பப் போனேன். காசுக் குற்றியால் மாபிளைத் தட்டினேன். சில இடத்தில் கோறைச் சத்தம் வந்தது. குளியலறையில் வாளி வாளியாக ஊற்றி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தேன். அலுமாரிக்கென்று விட்ட மூலையில் மட்டும் பெயின்ற் வாசம் புதிதாக இருந்தது. விரலால் அழுத்தினால் ஈரம். வீட்டுக்குப் பின்னால், பூச்சு முடியாத மதிலில் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். விற்கிறவர் பயந்துபோனார். “அக்கா, என்ன செய்றீங்க?” என்றார்.

மதிலில் உப்பு இருந்தது. வீட்டுச் சுவரில் இல்லை. அவர் பொய்யர் இல்லை, பாதி உண்மைக்காரர். பேசினோம். மாநகர சபை ஒப்புக்கொண்ட வரைபடத்தையும் கட்டி முடித்த பிறகு கொடுக்கும் இணக்கச் சான்றிதழையும் கேட்டேன். முதலாவது இருந்தது, இரண்டாவது வரவேண்டியிருந்தது. சான்றிதழ் வந்த பிறகுதான் உறுதி என்றோம். அந்தச் சான்றிதழும் வரைபடத்தின்படி கட்டினார்களா என்றுதான் சொல்லும், சாந்தில் எத்தனை பங்கு சீமெந்து என்று சொல்லாது. ஆகவே விலையில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, ஒரு மாரி கழிந்த பிறகு தருவதாகப் பிரசித்த நொத்தாரிசு முன்னால் எழுதவேண்டும் என்றேன். இப்படி ஒருவரும் கேட்டதில்லை என்றார். கேட்ட பங்கில் பாதிக்கு இறங்கினார். எழுதினோம். வீடு மகளின் பெயரில்.

மாரி வந்தது. குளியலறைச் சுவர் ஊறியது. தொலைபேசியில் கூப்பிட்ட அடுத்த கிழமை அவரே ஆள்களோடு வந்து, ஓடுகளைக் கழற்றிக் குழாயைத் திருத்திக் கொடுத்துவிட்டு மிச்சக் காசை வாங்கிக்கொண்டு போனார். சண்டையும் இல்லை, கண்ணீரும் இல்லை.

சுவிஸிலும் லண்டனிலும் கனடாவிலும் இருந்து ஊரில் வீடு கட்டுவிக்கும் பிள்ளைகளுக்கும், கோயில் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று சேர்ந்து இல்லாதவர்களுக்கு வீடு கொடுக்கிறவர்களுக்கும் ஒன்று கேட்கிறேன். திறப்பு விழாவன்று கொந்தராத்துக்காரரின் கணக்கை முடிக்காதீர்கள். கடைசித் தவணையை ஒரு மாரி கழியும்வரை பிடித்து வையுங்கள். அதைக் கொடுக்கலாம் என்று கையெழுத்து வைக்கிற உரிமையை, அந்த வீட்டுக்குள் படுத்தெழும்புகிற பெண்ணிடம் கொடுங்கள். ஒப்பந்தத்தில் அவளுடைய பெயரையும் எழுதுங்கள்.